பழைய காரில் பிக்கப் போய், வண்டி திக்கினால்: எதை முதலில் பார்ப்பது, ஏன்

பதினைந்து இருபது வருடம் ஓடிய பெட்ரோல் கார் இழுக்க மறுத்தால் வழக்கமாக நடப்பது இதுதான். முதலில் பிளக் மாறும். சரியாகாது. அடுத்து பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில், அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். கடைசியில் "இன்ஜினை இறக்கிப் பார்க்கணும்" என்ற பேச்சு வரும். இத்தனைக்கும் கோளாறு ஒரு விரல் நீள ரப்பர் ஹோஸில் விழுந்த வெடிப்பாக இருந்திருக்கலாம். பாகம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதிக்குக் கண், காது, ஒரு மல்டிமீட்டர், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு சாதாரண ஓபிடி ஸ்கேனர் போதும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். வண்டி "இழுக்கவில்லை" என்பதும் "திக்குகிறது" என்பதும் வேறு வேறு கோளாறுகள். எல்லா சிலிண்டரும் ஒரே அளவுக்குச் சோர்ந்தால் வண்டி குலுங்காது. மிதித்தாலும் மந்தமாகவே போகும். காற்று வரத்து, பெட்ரோல் அழுத்தம், சைலன்சர் அடைப்பு, டைமிங் (வால்வும் பொறியும் வேலை செய்யும் நேரக்கணக்கு) ஆகியவை இந்த ரகம். ஒரு சிலிண்டர் மட்டும் விட்டு விட்டு வேலை செய்தால் வண்டி வெட்டும், உலுக்கும். அங்கே பிளக், காயில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், வால்வ் என்று தேட வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் திக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்க்கொண்டிருந்தால் மற்ற அளவுகள் எதையும் நம்ப முடியாது.

பானெட்டைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இன்ஜின் சூடாகும் முன்பா, பின்பா? எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில்? லேசாக மிதிக்கும்போதா, முழுக்க மிதிக்கும்போதா? மழையில் அதிகமா? டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்போதா? இந்தக் குறிப்பு இல்லாமல் மெக்கானிக்கிடம் போனால் அவரும் ஊகத்தில்தான் தொடங்க வேண்டும்.

இன்ஜினைக் குறை சொல்லும் முன்

மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். காலியான சாலையில், மூன்றாவது அல்லது நான்காவது கியரில், 40–50 கிமீ வேகத்தில் சட்டென்று முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் தாவி ஏறி, வேகம் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. இன்ஜின் நன்றாகவே இருக்கிறது.

இரண்டாவது, பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக்கை அதிகம் பயன்படுத்தாமல் தானாக வேகம் குறையவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு வீலுக்கும் அருகே கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் அனலடிக்கிறதா என்று தெரியும். அப்படியென்றால் அந்த வீல் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம், ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். பழைய வண்டிகளில் பலர் தவறவிடும் காரணம் ஒன்று உண்டு: பிரேக் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்ததும் திரும்பி வராது.

மூன்றாவது, இன்ஜினுக்குக் காற்றை விடும் கதவான த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்பது. இன்ஜின் நிற்கும்போது, கேபிள் வைத்த வண்டியில் ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒருவர் பெடலை அடி வரை மிதிக்க, இன்னொருவர் த்ராட்டில் தகட்டைப் பார்க்க வேண்டும். தகடு காற்று போகும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தாலோ பெடலுக்கு அடியில் தடிமனான மேட் கிடந்தாலோ முக்கால் பங்குதான் திறக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் விரலை உள்ளே விடாதீர்கள். ஸ்கேனரில் திறப்பு எவ்வளவு என்று பாருங்கள். த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜ் பொதுவாக மூடியபோது 0.5 அளவிலும், முழுக்கத் திறந்தால் 4.5 அளவிலும் இருக்கும். மெதுவாக மிதிக்கும்போது எண் சீராக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் விழுந்து எழுந்தால், தினமும் அதிகம் பயன்படும் அந்த இடத்தில் சென்சாரின் தடம் தேய்ந்துவிட்டது. அதே பெடல் நிலையில்தான் வண்டி வெட்டும்.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைவிட முக்கியமான எண்

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீட்டை ("கோடு") படியுங்கள், ஆனால் உடனே அழிக்காதீர்கள். கோளாறு பதிவான நேரத்தில் ஆர்பிஎம், லோடு, வெப்பநிலை எவ்வளவு இருந்தது என்பதும் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அந்தத் தகவல் போய்விடும். பி0301 முதல் பி0304 வரை வந்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை சரியாக எரியவில்லை; கடைசி எண் எந்த சிலிண்டர் என்று சொல்கிறது. பி0300 என்றால் மிஸ்ஃபயர் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது. பி0171 கலவையில் பெட்ரோல் குறைகிறது என்பதைச் சொல்கிறது. அதைப் பார்த்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது மிகப் பரவலான தவறு. அந்த சென்சார் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் கோடே வந்திருக்கிறது.

விளக்கு விட்டு விட்டு மின்னினால் காலை எடுத்து மெதுவாக ஓட்டுங்கள். எரியாத பெட்ரோல், சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கிறது.

பார்க்க வேண்டிய எண் ஃபியூயல் ட்ரிம். கணக்கிட்ட அளவுக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் தானே சொல்லும் எண் அது. ஷார்ட் (அந்த நேரத் திருத்தம்), லாங் (கற்றுவைத்த திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இன்ஜின் சூடானபின் 5 சதவீதத்துக்குள் ஏற்ற இறக்கம் இருந்தால் நல்லது. பழைய வண்டியில் 10 வரை பொறுக்கலாம்.

இந்த எண்ணை ஐட்லிங்கில் (பெடலை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒரு முறை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு முறை, மேட்டில் லோடு கொடுத்து ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். ஐட்லிங்கில் +20 இருந்து 2500-ல் +5 ஆகக் குறைந்தால் வாக்யூம் கசிவு, அதாவது அளக்கப்படாத காற்று ஓர் ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. ஓட்டையின் அளவு மாறாது. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான் என்பதால், ஓட்டை வழியாக வருவது அதில் பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறியதும் அந்தப் பங்கு சின்னதாகிவிடும். நேர்மாறாக, ஐட்லிங்கில் +3 இருந்து லோடில் +20-க்கு ஏறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது ஏர் ஃப்ளோ சென்சார் வரும் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. இந்தக் கணக்கு ஏர் ஃப்ளோ சென்சார் வைத்த வண்டிகளுக்குத்தான். மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டுமே உள்ள வண்டியில், கசிந்து வரும் காற்றும் அளவில் சேர்ந்துவிடும். ட்ரிம் பெரிதாக மாறாது. ஐட்லிங் ஆர்பிஎம்தான் உயரும்.

முழுக்க மிதிக்கும்போது முன்பக்க ஆக்சிஜன் சென்சாரையும் பாருங்கள். சாதாரண ஜிர்கோனியா வகை 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முழு மிதியில் 0.8-க்கு மேல் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் 0.2-க்கு விழுந்தால் பெட்ரோல் பற்றவில்லை என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

காற்று

ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளைக் கையால் விரித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். முதல் கியரில் மிதிக்கும்போது இன்ஜின் அசைந்து அந்த வெடிப்பு வாயைத் திறக்கும், நின்றுகொண்டிருக்கும்போது மூடிக்கொள்ளும். "நிறுத்தி ரேஸ் பண்ணினால் நன்றாக இருக்கிறது, ஓட்டினால்தான் திக்குகிறது" என்ற புகாரில் இதை மறக்காதீர்கள்.

கசிவைத் தேட, மெல்லிய வாக்யூம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் மெதுவாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐட்லிங் மாறுகிறதோ அந்தப் பக்கம் கசிவு. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், வால்வ் கவரிலிருந்து இன்ஜின் ஆவியைக் கொண்டுவரும் பிசிவி ஹோஸின் அடிப்பக்கம், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங் ஆகியவைதான் வயதான வண்டிகளில் முதலில் விடுபவை. எரியக்கூடிய ஸ்ப்ரேயைச் சூடான இன்ஜின் மீது அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புகை விட்டுத் தேடும் கருவி உள்ள பட்டறையில் பத்து நிமிட வேலைதான்.

ஏர் ஃப்ளோ சென்சாரைச் சோதிக்க ஒரு தோராயக் கணக்கு உண்டு. சூடான ஐட்லிங்கில், விநாடிக்கு எத்தனை கிராம் என்ற எண் இன்ஜினின் லிட்டர் அளவுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருக்கும். முழு மிதியில், உச்ச ஆர்பிஎம் அருகே, குதிரைத்திறனில் சுமார் 0.8 மடங்கு வர வேண்டும். 100 குதிரைத்திறன் இன்ஜினில் 80 கிராம் வர வேண்டிய இடத்தில் 50-தான் வருகிறது என்றால் சென்சார் அழுக்காக இருக்கிறது, அல்லது காற்று உண்மையிலேயே தடைபடுகிறது. மேலே பார்த்த ட்ரிம் இதைப் பிரித்துக் காட்டும். லோடில் ட்ரிம் கூடுதலாக இருந்தால் சென்சார் பொய் சொல்கிறது. ட்ரிம் இயல்பாக இருந்து கிராம் மட்டும் குறைந்தால் ஃபில்டரோ, சைலன்சரோ, டைமிங்கோ காற்றைத் தடுக்கிறது. சுத்தம் செய்ய அந்த சென்சாருக்கென்றே விற்கும் கிளீனர் மட்டும்தான். உள்ளே உள்ள மெல்லிய கம்பியை எதனாலும் தொடக்கூடாது.

பிளக், காயில், ஒயர்

லோடு கொடுத்தால் மட்டும் மிஸ் ஆவதற்குக் காரணம் எளிமையானது. த்ராட்டில் திறக்கத் திறக்க சிலிண்டருக்குள் கலவை அடர்த்தியாகிறது. அந்த அடர்த்திக்குள் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயிலோ தேய்ந்து இடைவெளி விரிந்த பிளக்கோ ஐட்லிங்கில் சமாளித்துவிடும், மேட்டில் கைவிட்டுவிடும். மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பீங்கான் மேல் வழுக்கி வெளியே தாவும். அது போன பாதையில் பென்சில் கோடு மாதிரி ஒரு கறுப்புத் தடம் விழும். அந்தத் தடம் பட்ட பிளக்கையும் அதன் ரப்பர் பூட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் புதியதிலும் அதே தடம் விழுந்துவிடும்.

பிளக்குகளை இன்ஜின் ஆறியபின் கழற்றி, சிலிண்டர் வரிசையிலேயே வைத்து ஒப்பிடுங்கள். இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். ஈரமாக ஆயில் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வ் சீல். வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது அந்த சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் பொதுவான காரணம். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அந்த சிலிண்டரைத் துரத்துங்கள். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் காயில் வாங்காதீர்கள். அந்த ஆயிலில் ஊறியே அடுத்த காயில் பூட்டும் கெடும்.

ஒவ்வொரு பிளக்கிலும் தனிக் காயில் உள்ள வண்டிக்கு, செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பி0302 வந்தால் இரண்டாவது காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து பிளக்கை மாற்றிப் போடுங்கள், பிறகு இன்ஜெக்டரை. ஒரு தடவைக்கு ஒன்றுதான். அவசரத்தில் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது.

ஒயர் வைத்த வண்டியில், இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஒயர்கள் மீது லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப்பொறி மின்னும். கையால் தொடாதீர்கள். ஒயரின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் சில ஆயிரம் ஓமிலிருந்து பதினைந்தாயிரம் ஓம் வரை, நீளத்துக்கேற்ப இருக்கும். ஒன்று மட்டும் பல மடங்கு காட்டினாலோ எண்ணே வராவிட்டாலோ உள்ளே அறுந்திருக்கிறது. பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் மயிரிழைக் கீறலையும், நடுவில் உள்ள கரி முனை தேய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அரை மணி ஓடியபின் மிஸ் ஆகி, ஆறியதும் சரியாகிவிடும் கோளாறு ஆளைக் குழப்பும். காயிலுக்குள் சுற்று சூட்டில் விரிந்து விடுபடுகிறது. இன்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரும் இதே மாதிரி நடக்கும். ஆறிய காயிலை மீட்டரில் அளந்து "நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவது வீண். கோளாறு இருக்கும்போதே, சூட்டோடு அளக்க வேண்டும்.

புதுப் பிளக்கைக் கையாலேயே சில சுற்று உள்ளே திருப்புங்கள். ஸ்பானரோடு தொடங்கினால் அலுமினிய ஹெட்டின் மரை கெடும். வாஷர் உள்ள 14 மிமீ பிளக்குக்கு சுமார் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். டார்க் ஸ்பானர் இல்லாவிட்டால், கையால் உட்கார்ந்தபின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை.

பெட்ரோல்

சோர்ந்த பம்ப் ஐட்லிங்கில் சரியான அழுத்தத்தையே காட்டும். ஆகவே கேஜை மாட்டி, நின்ற இடத்தில் பார்த்துவிட்டு பம்பை விடுவிக்காதீர்கள். மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் அழுத்தம் 3 பார் சுற்றியே இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய எண்ணை மேனுவலில் பாருங்கள். லோடில் அது அரை பார் விழுந்தாலே முழு மிதியில் இழுவை போய்விடும். மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்கு அனுப்பும் திரும்பு குழாய் வைத்த பழைய அமைப்பில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்யூம் ஹோஸை உருவினால் அழுத்தம் 0.3 முதல் 0.6 பார் வரை ஏற வேண்டும். உருவிய ஹோஸில் பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்துவிட்டது.

அழுத்தம் மட்டும் போதாது, அளவும் வேண்டும். திரும்பு குழாயைத் தகுந்த கலனில் விட்டு பம்பை ஓட்டினால் 30 விநாடியில் அரை லிட்டர் அளவுக்காவது வர வேண்டும். இதைத் திறந்தவெளியில், ஆறிய இன்ஜினில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்யுங்கள். குழாயைக் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் அழுத்தம் இறங்கிவிடும்.

பம்பை மாற்றும் முன் அதற்குப் போகும் மின்சாரத்தை அளக்கவும். பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் வரும் வோல்டேஜையும் பேட்டரி முனையில் வருவதையும் ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே, கருகிய கனெக்டர், துருப்பிடித்த எர்த் ஆகியவற்றில் ஒன்று விழுங்குகிறது. புதுப் பம்பைப் போட்டாலும் அதே கதைதான்.

சில கிலோமீட்டர் ஓடியபின் சோர்ந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி சரியாகிறதா? டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையும் இடத்தில் காற்று நுழைய வழியில்லை.

கார்புரேட்டர் வண்டியில், மிதித்த நொடியில் ஒரு இறக்கம் வந்து பிறகு இழுத்தால் ஆக்சிலரேட்டர் பம்பைப் பாருங்கள். இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, மேலிருந்து பார்த்தபடி லீவரைத் தள்ளினால் கம்பி மாதிரி பெட்ரோல் தாரை உடனே பாய வேண்டும். சொட்டினாலோ தாமதித்தாலோ டயஃப்ரமோ ஜெட்டோ போயிருக்கிறது. லேசாக ஓட்டும்போது நன்றாக இருந்து உயர் வேகத்தில் மட்டும் வாடினால் மெயின் ஜெட்டில் குப்பை, அல்லது ஃப்ளோட் அளவு குறைவு. டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்யூம் அட்வான்ஸ் ஹோஸை வாயால் உறிஞ்சிப் பிடியுங்கள். பிடிப்பு நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்து, லேசான மிதியில் டைமிங் முன்னேறாமல் மந்தமாகும்.

வெளியே போகும் வழி, உள்ளே உள்ள பலம்

சைலன்சர் பக்கம் அடைத்தால் வண்டி 60, 70 வரை சுமாராகப் போய், அதற்கு மேல் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல நின்றுவிடும். முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தக் கேஜை மாட்டுங்கள். ஐட்லிங்கில் 0.1 பாருக்குள்ளும் 2500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்குள்ளும் இருக்க வேண்டும். அழுத்தக் கேஜ் இல்லையென்றால் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டும் வாக்யூம் கேஜ் போதும். கடல்மட்ட அளவில் நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குல பாதரசம் காட்டும். 2500-ல் பிடித்தபடி வைத்திருக்க, முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு உறுதி. கன்வெர்ட்டர் உருகியிருந்தால் அதை மாற்றும் முன் உருக்கிய மிஸ்ஃபயரையோ ஆயில் எரிவதையோ சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

இத்தனையும் சரி என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். எல்லா பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 10 முதல் 13 பார் வரும். தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். 15 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கிறது. எல்லாமே ஒரே அளவில் குறைந்து, கோளாறு டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு தொடங்கியது என்றால் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறதா என்று குறிகளைப் பாருங்கள்.

பழுது தீர்ந்ததும் கோடை அழித்துவிட்டு, 20–30 கிமீ கலந்து ஓட்டுங்கள்: நெரிசல், மேடு, சீரான வேகம் எல்லாம் அதில் வரட்டும். கம்ப்யூட்டர் பழைய திருத்தத்தை மறந்து புதிதாகக் கற்க அந்த ஓட்டம் வேண்டும். பிறகு முதலில் எடுத்த அதே மூன்று நிலைகளில் ட்ரிம்மைத் திரும்பக் குறித்து, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். வண்டி நன்றாக இழுத்தாலும் ஐட்லிங்கில் இன்னும் +12 நிற்கிறது என்றால் வேறொரு சின்னக் கசிவு மீதி இருக்கிறது. ஹோஸ்களை நசுக்கும் வேலையை மறுபடி தொடங்குங்கள்.